மன அமைதிக்கு இந்து ஞான மரபு வகுத்த வரிசை: சாதகருக்கான முழுமையான வழிகாட்டி

மன அமைதி வேண்டும் என்று தீர்மானித்தவுடன் பெரும்பாலோர் செய்கிற முதல் காரியம், விடியற்காலையில் எழுந்து கண்களை மூடி உட்காருவதுதான். சில நாள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மனம் அடங்குவதற்குப் பதிலாக முன்னிலும் வேகமாக ஓடுவதைக் கண்டு, தமக்குத் தியானம் வராது என்று முடிவு கட்டி எழுந்துவிடுகிறார்கள். தியானம் வராதவர் என்று யாரும் இல்லை; அவர்கள் தொடங்கிய இடம்தான் பிசகு. பதஞ்சலி முனிவர் வகுத்த எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. அதற்கு முன்னால் இயமம் (விலக்க வேண்டியவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம் (புலன்களை உள்ளே திருப்புதல்), தாரணை (மனத்தை ஒன்றில் நிறுத்தல்) என ஆறு நிற்கின்றன. சைவ நெறியும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்றே அடுக்கியது; திருக்கோயிலை அலகிடுவதும் மெழுகுவதும் விளக்கேற்றுவதும் அடங்கிய சரியை முதலில் வர, யோகம் மூன்றாவதாகவே வருகிறது. நாள் முழுவதும் நாம் எப்படிப் பேசுகிறோம், எப்படி உண்கிறோம், யாரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே கண்மூடி அமரும் அரை மணி நேரத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த மரபுகள் நன்கு அறிந்திருந்தன. ஆகவே இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது.

அமைதி என்றால் என்ன என்பதையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 18 அத்தியாயங்களும் 700 சுலோகங்களும் கொண்ட பகவத் கீதை, இரு படைகளுக்கு நடுவே நிறுத்தப்பட்ட தேரில் சொல்லப்பட்டது. உபதேசம் முடிந்தபின் அர்ச்சுனன் காட்டுக்குப் போகவில்லை. ஐயம் நீங்கியவனாகத் தன் கடமையைச் செய்ய எழுந்தான். குடும்பத்தையும் பொறுப்புகளையும் விட்டு விலகினால்தான் மனம் அடங்கும் என்று எண்ணுகிறவர்கள் இதை ஆழ்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும். விலகிச் செல்கிறவர் எங்கே போனாலும் தம் மனத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறார்.

முதற்படி: எதை நாடுகிறோம் என்று தெளிதல்

கடோபநிடதத்தில், எமனுடைய வாயிலில் காத்திருந்த நசிகேதன் என்ற சிறுவனுக்கு எமன் நூறாண்டு வாழும் பிள்ளைகளையும் பேரர்களையும், யானை குதிரைகளையும், பொன்னையும் நிலத்தையும் தருவதாகச் சொல்கிறான். சிறுவன் அவற்றை ஏற்க மறுத்து, மரணத்துக்குப் பின் இருப்பது என்ன என்ற தன் கேள்வியிலேயே நிற்கிறான். அதன்பிறகே எமன் உபதேசத்தைத் தொடங்குகிறான். நன்மை தருவது ஒன்று, இன்பமாகத் தோன்றுவது வேறொன்று, இரண்டும் மனிதனை நாடி வருகின்றன, அறிவுடையவன் பிரித்தறிந்து நன்மையைத் தேர்கிறான் என்பதே அதன் முதற்பாடம்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு குறிப்பேடு போதும். அண்மையில் உங்கள் மனத்தை மிகவும் அலைக்கழித்த விஷயங்கள் மூன்றை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதில் நீங்கள் இழந்துவிடுவோமோ என்று அஞ்சியது எது என்று எழுதுங்கள். பணமா, மதிப்பா, உறவா, உடல்நலமா என்பது தெரிந்துவிடும். மதிப்புக்காக ஏங்குகிறவருக்கும் பயத்தால் வாடுகிறவருக்கும் மருந்து ஒன்றாக இருக்க முடியாது. இந்தத் தெளிவில்லாமல் தொடங்கும் பயிற்சி பிறரைப் பார்த்துச் செய்யும் சடங்காகவே நின்றுவிடும்.

இரண்டாம் படி: ஒழுக்கத்தில் ஒன்றைப் பற்றிக்கொள்ளுதல்

பதஞ்சலியின் இயமங்கள் ஐந்து: அகிம்சை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், தேவைக்கு மேல் சேர்க்காமை. நியமங்களும் ஐந்து: தூய்மை, உள்ளதில் நிறைவு, தவம், நூல் ஓதுதல், இறைவனிடம் அர்ப்பணம். திருமூலர் இயமத்தில் நிற்பவனை வருணிக்கும்போது கொல்லாதவன், பொய் கூறாதவன், களவில்லாதவன் என்பதோடு நிறுத்தாமல், நடுநிலையோடு செய்ய வல்லவன் என்றும் பகுத்துண்பவன் என்றும் சேர்த்துச் சொல்கிறார். தன் தட்டில் இருப்பதைப் பகிராதவனுக்கு யோகம் கைகூடாது என்ற இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுகிறது.

பத்தையும் ஒரே நாளில் கடைப்பிடிக்க முயன்றால் ஒன்றும் நிலைக்காது. வாய்மையிலிருந்து, அதாவது பேச்சிலிருந்து தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் மனத்தின் கலக்கத்தில் பெரும்பகுதி நாவின் வழியாகவே உள்ளே வருகிறது. பொய் சொன்னவர் யாரிடம் என்ன சொன்னோம் என்பதை ஓயாமல் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது; புறம் பேசியவர் அது உரியவர் காதுக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறார்; சுடுசொல் சொன்னவர் இரவில் படுத்தபின் அந்தச் சொல்லை மறுபடி மறுபடி கேட்கிறார். இவை அனைத்தும் மறுநாள் காலையில் கண்ணை மூடியவுடன் முன்னால் வந்து நிற்கின்றன.

கீதையின் 17ஆம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்துக்கு இலக்கணம் சொல்கிறது. பிறர் மனத்தைக் கலக்காததாகவும், உண்மையாகவும், இனியதாகவும், நன்மை பயப்பதாகவும் சொல் இருக்க வேண்டும். கோபத்தில் ஒருவருக்குக் கைபேசியில் பதில் எழுதும்போது இந்த நான்கையும் வைத்துப் பாருங்கள். எழுதியது உண்மைதானா? உண்மைதான் என்றால், அவருக்கோ உங்களுக்கோ அதனால் நன்மை உண்டா? உண்டு என்றால், அதையே குத்தாமல் சொல்ல முடியுமா? பெரும்பாலான செய்திகள் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுபோகும். ஒரு மாத காலம் இதை மட்டும் விடாமல் செய்தாலே, காலையில் அமரும்போது மனத்தில் சேரும் இரைச்சல் குறைந்திருப்பதை உணரலாம்.

மூன்றாம் படி: உடலும் உணவும் உறக்கமும்

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. அதிகம் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், மிகுதியாக உறங்குபவனுக்கும் உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதை தெளிவாகச் சொல்லிவிட்டது. உடம்பு அழிந்தால் உயிரும் அழியும், மெய்ஞ்ஞானம் சேர வழியில்லாமல் போகும் என்பதால் உடம்பை வளர்த்தேன் என்கிறார் திருமூலர். நியமங்கள் எல்லாவற்றிலும் சிறந்தது அளவான சாத்துவிக உணவு என்று ரமண மகரிஷியும் கூறியிருக்கிறார். நேரத்துக்கு உறங்குவது, வயிறு முட்ட உண்ணாமல் இருப்பது, முதுகெலும்பு நிமிர்ந்து சற்று நேரம் அசையாமல் அமரும் அளவுக்கு உடலைப் பழக்குவது ஆகியவை போதும். தரையில் சம்மணமிட முடியாதவர் நாற்காலியில் அமர்ந்தாலும் குறையொன்றுமில்லை.

நான்காம் படி: மூச்சு

மனமும் மூச்சும் ஒன்றையொன்று தொடர்பவை. சினம் வந்தால் மூச்சு விரைவதும், அமைதியில் அது மெலிவதும் யாரும் தம்மிடமே காணக்கூடியவை. எனவே ஜபத்துக்கு முன் சில நிமிடங்கள், இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி மெதுவாகச் சுவாசித்தால் போதும். மூச்சைப் பிடித்து நிறுத்தும் கும்பகப் பயிற்சிகளை நூலைப் பார்த்தோ காணொளியைப் பார்த்தோ செய்ய வேண்டாம்; காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிவார் இல்லை என்று திருமூலரே வருந்திய விஷயம் அது. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அதில் இறங்கவே கூடாது. மேலும், மூச்சினால் வரும் அடக்கம் மூச்சு கட்டுப்பட்டிருக்கும் வரைதான் என்றும், அது மனத்தை அடக்க உதவுமேயன்றி மனோநாசம், அதாவது மனத்தை அறவே அழித்தல், செய்யாது என்றும் ரமணர் எச்சரித்திருக்கிறார். இது ஆயத்தம் மட்டுமே.

ஐந்தாம் படி: ஜபம்

வேள்விகளில் நான் ஜப வேள்வியாக இருக்கிறேன் என்று கண்ணன் கீதையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குப் பொருட்செலவில்லை, இடக்கட்டுப்பாடில்லை, சாதி, பால், வயது என்ற தடையும் இல்லை. சிவனை வழிபடுவோர் ஐந்தெழுத்தையும், திருமாலை வழிபடுவோர் எட்டெழுத்தையும், முருகனை வழிபடுவோர் ஆறெழுத்தையும் கொள்ளலாம். இளமை முதல் உங்கள் நாவில் பழகிய இறைப்பெயர் எதுவோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எடுத்தபின் ஆண்டுக்கொன்றாக மாற்றாதீர்கள்.

108 மணிகள் கொண்ட மாலையை வைத்துக்கொண்டு, மேரு என்ற தலைமணியைத் தாண்டாமல் திருப்பி எண்ணுவது மரபு. காதில் விழும்படி சொல்வது, உதடு மட்டும் அசையச் சொல்வது, மனத்துக்குள் சொல்வது என ஜபம் மூவகைப்படும். மூன்றாவதே உயர்ந்தது என்று படித்துவிட்டு முதல்நாளே மனத்துக்குள் சொல்லத் தொடங்குகிறவர்கள் சிறிது நேரத்தில் தூங்கிவிடுகிறார்கள். முதலில் மெல்லிய குரலில் சொல்லுங்கள். உங்கள் குரலை உங்கள் காது கேட்கட்டும். மனம் கட்டுப்படத் தொடங்கியபின் ஒலி தானாகவே அடங்கும்.

இனி, உட்கார்ந்தபின் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். முதல் சில மணிகள் தெளிவாக நகரும். பத்தாவது மணியை ஒட்டி, நேற்று யாரோ சொன்ன ஒரு சொல் எட்டிப் பார்க்கும். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனம் ஒத்திகை பார்க்கத் தொடங்கும். விரல்கள் மட்டும் மணியைத் தள்ளிக்கொண்டே போகும். முப்பதாவது மணி வந்தபின்தான், இவ்வளவு நேரமும் நாம் இங்கே இல்லை என்பது உறைக்கும். அந்த உறைக்கும் கணம்தான் பயிற்சியின் உயிர். அப்போது தன்னைத் திட்டிக்கொள்வதும், இதென்ன மனம் என்று சலித்துக்கொள்வதும் இன்னொரு ஓட்டமாகவே முடியும். நிலையில்லாத மனம் எங்கெங்கே திரிகிறதோ அங்கங்கேயிருந்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து தன்னிடத்தில் நிறுத்த வேண்டும் என்பதே கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் கட்டளை. திரியக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஒரு மாலையில் பத்துமுறை ஓடி, பத்துமுறை திரும்பி வந்திருந்தால் அன்றைய பயிற்சி நன்றாகவே நடந்தது.

காற்றைப் போல மனத்தை அடக்குவது அரிது என்று அர்ச்சுனன் முறையிட்டபோது, கண்ணன் அதை மறுக்கவில்லை. ஐயமில்லை, அரிதுதான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் பற்றின்மையாலும் அது கைகூடும் என்றான். பதஞ்சலியும் இதே இரண்டையே சொல்லி, நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்யப்படும் பயிற்சியே உறுதிப்படும் என்று மூன்று நிபந்தனைகளை வைக்கிறார். இவற்றுள் நடுவிலிருக்கும் இடைவிடாமையை நான் மிகவும் வலியுறுத்துவேன். வாரத்துக்கு ஒருநாள் இரண்டு மணி நேரம் அமர்வதைக் காட்டிலும் தினமும் கால் மணி நேரம் அமர்வது மிகுந்த பலன் தரும்.

ஆறாம் படி: சினத்தின் சங்கிலியை அறிதல்

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் இரண்டே சுலோகங்களில் மனித மனத்தின் வீழ்ச்சி முழுவதும் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பொருள்களை நினைப்பதால் அவற்றில் பற்று உண்டாகிறது; பற்றிலிருந்து ஆசை; ஆசையிலிருந்து சினம்; சினத்திலிருந்து மயக்கம்; மயக்கத்தால் நினைவு பிறழ்கிறது; நினைவு பிறழ்ந்தால் புத்தி கெடுகிறது; புத்தி கெட்டால் மனிதன் அழிகிறான்.

தம்முடன் வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்த செய்தியை மாலையில் கேட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். கேட்டவுடன் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைக்கிறார். நினைக்க நினைக்க அந்தப் பதவி தமக்கு உரியது என்ற பற்று வேர்விடுகிறது. சாப்பிட உட்காரும்போது, அது எனக்கே கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆசை முழுமையாகிவிட்டது. பரிந்துரை செய்யாத மேலதிகாரி மீது சினம் மூள்கிறது. அருகில் வந்த குழந்தை காரணமின்றி அதட்டு வாங்குகிறது. அதன்பின் மயக்கம்: அலுவலகமே தமக்கெதிராகச் சதி செய்வதாகத் தோன்றுகிறது. நினைவு பிறழ்கிறது: சென்ற ஆண்டு வீட்டில் நோய்வாய்ப்பட்டிருந்தபோது அதே மேலதிகாரி விடுப்புத் தந்து உதவியது மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. நள்ளிரவில் புத்தி கெட்டு, விலகல் கடிதம் எழுதி அனுப்பப்படுகிறது.

இந்தச் சங்கிலியை எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி. நம்மில் பலர் சினம் வந்தபின் பல்லைக் கடித்துக்கொண்டு போராடுகிறோம். அது நான்காவது கண்ணி. அதற்குள் வேகம் மிகுந்துவிடுகிறது. அறுக்க எளிதான இடம் முதற்கண்ணி, அதாவது நினைத்தல். செய்தி காதில் விழுவதை யாராலும் தடுக்க முடியாது. அதையே அசைபோடுவதைத் தடுக்க முடியும். ஜபத்தில் மனம் ஓடுவதைக் கண்டு திருப்பிப் பழகியவருக்கு இங்கே அந்தப் பழக்கம் கைகொடுக்கிறது.

நினைவை வெறுமனே தள்ளுவது கடினம் என்பதால் பதஞ்சலி அதன் இடத்தில் வேறொன்றை வைக்கச் சொல்கிறார். இன்புற்றிருப்பவரிடம் நட்பு, துன்புறுபவரிடம் இரக்கம், நற்செயல் புரிபவரிடம் மகிழ்ச்சி, தீச்செயல் புரிபவரிடம் பொருட்படுத்தாமை ஆகிய நான்கு பாவனைகளால் சித்தம் தெளியும் என்பது அவர் கூற்று. மேற்சொன்னவர் அன்று மாலையே நண்பரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தியிருந்தால் எவ்வளவோ தவிர்ந்திருக்கும். முதலில் அது மனமொப்பிச் செய்வதாக இராது. செய்யச் செய்யவே மனம் ஒப்பும்.

ஏழாம் படி: செயலும் அர்ப்பணமும்

செயலில்தான் உனக்கு உரிமை, பலன்களில் ஒருபோதும் இல்லை என்ற கீதை வாக்கியத்தை அறியாதவர் இல்லை. அதே சுலோகத்தின் கடைசிப் பகுதி அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை: செயலற்றிருப்பதிலும் பற்று வைக்காதே என்கிறது அது. பலனை எதிர்பார்க்காதே என்பதைச் சோம்பலுக்குச் சாக்காகக் கொள்வதை அது அங்கேயே தடுத்துவிடுகிறது. தேர்வுக்குப் படிப்பவர் முழு மூச்சாகப் படிக்க வேண்டும். மதிப்பெண் வந்தபின் அது எதுவானாலும் இறைவன் பிரசாதமாக ஏற்று, அடுத்துச் செய்ய வேண்டியதைப் பார்க்க வேண்டும்.

நாவுக்கரசர் உழவாரப் படையைக் கையில் ஏந்தி, கோயில் திருமுற்றங்களில் புல்லைச் செதுக்கியபடியே ஊர் ஊராகச் சென்றார். "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று அவர் பாடியது அந்த உழைப்பின் நடுவிலிருந்துதான். திருமூலரோ எவரும் சாக்குச் சொல்ல இடமின்றி நான்கு எளிய பணிகளைத் தருகிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி, அதுவும் முடியாவிட்டால் பிறர்க்கு ஓர் இனிய சொல். தினமும் இவற்றில் ஒன்றையாவது பிறருக்குச் சொல்லாமல் செய்து வாருங்கள்.

எட்டாம் படி: கேட்டல், சிந்தித்தல், தெளிதல்

பிருகதாரணியக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் தம் மனைவி மைத்ரேயிக்கு, ஆன்மாவைக் கேட்டும், சிந்தித்தும், ஆழ்ந்து தியானித்தும் அறிய வேண்டும் என்கிறார். இன்று கேட்டலுக்குப் பஞ்சமில்லை. நாள்தோறும் எத்தனையோ சொற்பொழிவுகள் காதில் விழுகின்றன. சிந்தித்தல்தான் அருகிவிட்டது. எனவே குறைவாகப் படியுங்கள். கீதையின் 12ஆம் அத்தியாயம் 20 சுலோகங்களே கொண்டது. அதன் பிற்பகுதி இறைவனுக்கு இனிய அடியவரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. வாரத்துக்கு ஒரு சுலோகம் எடுத்துக்கொண்டு, அந்த வாரத்தில் நடந்தவற்றை அதனோடு ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். தேவாரத்திலோ திருவாய்மொழியிலோ மனம் தோய்ந்தவர்கள் ஒரு பாசுரத்தை இவ்வாறே எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாம் படி: நான் யார் என்ற விசாரம்

1896ஆம் ஆண்டு மதுரையில், 16 வயதுச் சிறுவனாக இருந்த வேங்கடராமனைத் திடீரென்று மரணபயம் பற்றியது. அவர் உதவிக்கு யாரையும் அழைக்காமல் படுத்து, உடலைப் பிணம்போல் விறைக்க வைத்து, சாவது எது என்று உள்ளே பார்த்தார். அவ்வாண்டே திருவண்ணாமலைக்குச் சென்று, பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டார். 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே விசார மார்க்கத்தின், அதாவது தன்னையே ஆராயும் நெறியின், அடிப்படையாயின.

முறை இதுதான். ஓர் எண்ணம் எழுந்தால் அதை முடிக்க முயலாமல், இது யாருக்கு எழுந்தது என்று கேட்க வேண்டும். எனக்கு என்று விடை வரும். அந்த நான் யார் என்று விசாரித்தால் மனம் தன் பிறப்பிடத்துக்குத் திரும்பும். எழுந்த எண்ணமும் அடங்கும். நான் யார் என்பதை மந்திரமாகத் திரும்பத் திரும்பச் சொல்வது இதன் நோக்கமன்று. சொல்லால் ஒரு விடையைக் கண்டுபிடிப்பதும் அன்று. நான் என்ற உணர்வு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பதே விசாரம். முந்தைய படிகளில் ஓரளவு ஊன்றியவருக்கு இது எளிதாகும். மற்றவருக்கு வெறும் அறிவு விளையாட்டாகிவிடும் அபாயம் உண்டு.

குருவும் தடைகளும்

உபநிடதம் குருவுக்கு வைக்கும் தகுதிகள் இரண்டு: மறைநூல்களைக் கற்றுணர்ந்திருத்தல், பிரம்மத்தில் நிலைத்திருத்தல். கூட்டத்தின் அளவு அந்தப் பட்டியலில் இல்லை. சிந்திக்காதே என்று சொல்பவரையும், குடும்பத்திலிருந்து பிரிக்கப் பார்ப்பவரையும், அருளுக்கு விலை வைப்பவரையும் தயங்காமல் விட்டு விலகுங்கள். அதுபோலவே, உறக்கமும் பசியும் அற்றுப்போய், வாழவே விருப்பமில்லை என்ற எண்ணம் தொடர்ந்து வருமானால், அதை ஆன்மிகப் பயிற்சியின் ஒரு கட்டம் என்று எண்ணிப் பொறுத்திருக்காமல் உடனே மருத்துவரை நாட வேண்டும். யோகத்தின் தடைகள் ஒன்பதனுள் பதஞ்சலி முதலாவதாக வைத்தது நோய். அதற்கு உரிய மருத்துவம் செய்துகொள்வதும் பயிற்சியைச் சேர்ந்ததே.

ஐயம், சோம்பல், புலன்வழி இழுக்கப்படுதல், எய்திய நிலையில் நிற்க முடியாமை ஆகியவையும் அதே வரிசையில் வருகின்றன. ஆகவே இவை உங்களுக்கு வரும்போது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததாக எண்ண வேண்டாம். முன்னேற்றத்தை அளக்க ஒளி தெரிகிறதா, காட்சி கிடைக்கிறதா என்று பார்ப்பதிலும் பயனில்லை. முன்பு மூன்று நாள் நீடித்த மனவருத்தம் இப்போது ஒரு மாலையில் தணிகிறதா, புகழ்ச்சி கேட்டால் தலை சுற்றாமல் இருக்கிறதா, வீட்டில் இருப்பவர்கள் உங்களிடம் அச்சமின்றிப் பேசுகிறார்களா என்பவற்றைக் கவனியுங்கள். கடைசியாகச் சொன்னதை நீங்களே முடிவு செய்யாமல் அவர்களிடம் கேட்பது நல்லது.

பயணம், நோய், வீட்டில் ஒரு விசேஷம் என்று ஏதாவது ஒரு காரணத்தால் பயிற்சி விட்டுப்போகும். யோகத்தில் தொடங்கி இடையில் நழுவியவன் இரண்டும் கெட்டுச் சிதறிய மேகமாய் அழிந்துபோவானோ என்று அர்ச்சுனனே கேட்டிருக்கிறான். நன்மை செய்பவன் எவனும் கெடுகதி அடைவதில்லை என்று கண்ணன் உறுதி கூறினான். விட்ட நாள்களுக்கும் சேர்த்து ஜபம் செய்து ஈடுகட்ட முயலாதீர்கள். மறுநாள் காலை பழைய நேரத்தில் பாதி அளவுக்கு அமர்ந்து, அதே நாமத்தை மெல்லிய குரலில் சொல்லத் தொடங்குங்கள். ஒரு வாரம் தவறாமல் நடந்தபின் பழைய அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம்.